வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு நெஞ்சு நீரை எடுத்தால் மூச்சு எவ்வளவு மாறும்? எடுக்கும் முறையும் அளக்கும் முறையும்

"தண்ணியத்தான் எடுத்துப்போட்டீங்களே, அப்புறம் மிசினை எப்பங்க கழட்டுவீங்க?" கோபியானாலும் தாராபுரமானாலும், ஐ.சி.யு. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அவர் கேட்பதில் தப்பில்லை. சிக்கல் என்னவென்றால், உள்ளே ஊசியைக் கையில் எடுக்கும் இளம் மருத்துவரும் பல சமயம் அதே கணக்கைத்தான் மனதில் வைத்திருக்கிறார்: ஒரு லிட்டர் வெளியே வந்தால் ஒரு லிட்டர் நுரையீரல் விரியும், சாயங்காலத்துக்குள் ஆக்சிஜனைக் குறைத்துவிடலாம். இந்தக் கணக்கு தவறு. அதனால், எந்த எண் மாறவேண்டும் என்று நீரை எடுக்கிறோம் என்பதை முன்னாடியே எழுதி வைத்துக்கொண்டு எடுக்கவேண்டும். இந்தக் குறிப்பு அதற்காகத்தான். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்கச் செய்யவேண்டிய வேலை இது. படித்துவிட்டுத் தனியாக முயல்வதற்கு அல்ல.

ஒரு லிட்டர் எங்கே போய் உட்காருகிறது

நுரையீரலைச் சுற்றி இரண்டு சவ்வுகள். இடையில் சாதாரணமாக இருப்பது சில மி.லி. திரவம்தான். அங்கே நீர் கோத்துக்கொண்டால் அது ப்ளூரல் எஃப்யூஷன். நுரையீரலுக்குள்ளேயே நீர் ஊறினால் அது வேறு நோய். அதற்கு ஊசி கிடையாது, மருந்துதான். வீட்டாரிடம் பேசும்போது இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு கேள்வியும் கோணலாகத்தான் வரும்.

ஒரு லிட்டர் நீர் சேரும்போது நுரையீரல் ஒரு லிட்டர் சுருங்குவதில்லை. விலா எலும்புக் கூடு வெளிப்பக்கம் விரிந்துகொடுக்கிறது, உதரவிதானம் கீழே இறங்கிக்கொடுக்கிறது. தோராயமாக மூன்றில் ஒரு பங்கைத்தான் நுரையீரல் இழக்கிறது. எடுக்கும்போது இதே கணக்கு திரும்பி நடக்கும். ஒரு லிட்டர் போனால் நுரையீரலுக்குக் கிடைப்பது 300 மி.லி. சுமார், மீதி இடத்தை நெஞ்சுக்கூடும் உதரவிதானமும் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த 300-ம் முழுசாகக் கிடைக்கும் என்ற உறுதியில்லை. நிமோனியா கெட்டிப்பட்ட பகுதி, சளி அடைத்த மூச்சுக்குழாய், நாள்கணக்கில் மல்லாந்து கிடந்ததால் அமுங்கிப்போன முதுகுப்புறம் ஆகியவை நீரை எடுத்ததால் மட்டும் திறக்காது.

ஆக்சிஜன் ஏற்றம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பது இதனால்தான். வெண்டிலேட்டர் நோயாளிகளில் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான அலசலில், பி.எஃப். விகிதம் (ரத்த ஆக்சிஜன் அழுத்தத்தை, மிசின் தரும் காற்றில் உள்ள ஆக்சிஜன் பங்கான எஃப்ஐஓ2-ஆல் வகுத்தது) சராசரியாக 18 சதவீதம் உயர்ந்தது. ரத்த ஆக்சிஜன் 72, எஃப்ஐஓ2 0.6 என்றால் விகிதம் 120. அது 18 சதவீதம் ஏறினால் 142. நல்லதுதான், ஆனால் ட்யூபைக் கழட்டும் அளவுக்கு இல்லை. அதே அலசலில் காற்றுக்கசிவு 3.4 சதவீதம், நெஞ்சுக்குள் ரத்தக்கசிவு 1.6 சதவீதம். லாபத்தையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டிய எண்கள் இவை.

பலர் கவனிக்காத லாபம் ஒன்று உதரவிதானத்தில் இருக்கிறது. நீரின் கனத்தில் அது தட்டையாகிவிடும். அளவு மிகுந்தால் கவிழ்ந்த கிண்ணமாக இருக்கவேண்டியது நிமிர்ந்த கிண்ணமாகித் தொங்கும், மூச்சு இழுக்கும்போது தப்பான திசையில் அசையும். தசை சரியான நீளத்தில் இருந்தால்தான் இழுக்கும் வலு. நீர் போனதும் குவிமாட வடிவம் திரும்புகிறது, அதே உழைப்புக்கு அதிக காற்று உள்ளே வருகிறது. தானாக மூச்சு விடுபவருக்கு ஆக்சிஜன் எண் அசையாவிட்டாலும் "இப்பத் தேவலைங்க" என்று சொல்லத் தோன்றுவது இதனால். முழு மயக்கத்தில், கன்ட்ரோல் மோடில் (எல்லா மூச்சையும் மிசினே தருவது) இருப்பவருக்கு உதரவிதானம் வேலையே செய்வதில்லை. அவரிடம் இந்த லாபம் கண்ணில் படாது. வெண்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும் கட்டத்தில், பிரஷர் சப்போர்ட்டில் (நோயாளி மூச்சை இழுக்க, மிசின் கைகொடுப்பது) இருப்பவரிடம்தான் அது தெரியும். ஆகவே, எப்போது எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எதை எதிர்பார்க்கிறோம் என்பது மாறும்.

யாருக்கு எடுக்கலாம், யாருக்குக் கை வைக்கக்கூடாது

சீழ், ரத்தம், காய்ச்சலோடு கூடிய நீர், காரணம் தெரியாத ஒருபக்க நீர் என்றால் தயங்க வேண்டாம். குறைந்தது சோதனைக்காவது எடுக்கவேண்டும். சீழ் என்றால் ஊசி போதாது, குழாய் தேவை. பெருந்துறைக்கு "சானடோரியம்" என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் நாடு இது. காசநோயை மறந்துவிட்டு வெறும் நிமோனியா நீர் என்று முடிவுகட்டிவிடக்கூடாது.

இருதயம் பலவீனம், சிறுநீரகக் கோளாறு, ஐ.சி.யு.வில் நாமே ஏற்றிய குளுக்கோஸ் பாட்டில்கள், ரத்தத்தில் ஆல்புமின் குறைவு: இவற்றால் இருபக்கமும் சேரும் நீருக்கு முதல் மருந்து சிறுநீரைக் கூட்டும் ஃப்ரூசமைடு அல்லது டயாலிசிஸ். ஊத்து அடங்காத கிணற்றுக்கு மோட்டார் போட்டமாதிரி, எடுத்த நீர் மறுநாளே திரும்பிவிடும்.

டெங்குவைத் தனியாகச் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு வார்டுகளில் டெங்கு பிளாஸ்மா கசிவால் வலப்பக்கம் நீர் சேர்வது சகஜம். எக்ஸ்-ரேயில் பெரிதாகத் தெரியும், மூச்சும் வாங்கும், ஊசி போடக் கை பரபரக்கும். போடக்கூடாது. பிளேட்லெட் தரையில் இருக்கும் நேரத்தில் குத்தினால் ரத்தம் நிற்காது. கசிவுக் கட்டம் 24 முதல் 48 மணி நேரத்தில் முடிந்து, நீர் தானாக ரத்தத்துக்குள் திரும்பும். அப்போது தேவைப்படுவது சலைன் குறைப்பதும், ரத்த அழுத்தம் நிலைத்தபின் ஃப்ரூசமைடும், அதுவரை போதுமான பீப்பும்தான் (பீப்: மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலில் மிசின் விட்டுவைக்கும் அழுத்தம்). தோட்டத்தில் கண்ணாடி விரியன் கடித்து வந்தவருக்கும் இதே எச்சரிக்கை: 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை சரியாகும் வரை எந்த ஊசியும் நெஞ்சுக்குள் போகவேண்டாம்.

கல்லீரல் சுருக்க நோயில் வயிற்று நீர் உதரவிதானத்தின் துளை வழியாக நெஞ்சுக்கு ஏறும். அங்கே குழாய் போட்டுவிட்டால் புரதமும் உப்பும் லிட்டர் கணக்கில் வெளியேறும், கிருமி தொற்றும், குழாயைக் கழட்டவும் முடியாது. மிக அவசியமென்றால் ஊசியால் ஒருமுறை எடுத்துவிட்டு வெளியே வந்துவிடவேண்டும்.

மிச்சமிருப்பது நடுவாந்திரமான கூட்டம்: நீர் கணிசம், தொற்றில்லை, ஆனால் வெண்டிலேட்டரைக் குறைக்க முடியவில்லை. கீழே சொல்லும் அளவைகள் முக்கியமாக இவர்களுக்காக.

கத்தி எடுக்குமுன் பேனா

எடுப்பதற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: மோடு, டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் போகும் காற்றளவு), மூச்சு எண்ணிக்கை, பீப், எஃப்ஐஓ2, பிளாட்டோ பிரஷர் (மூச்சை உள்ளே நிறுத்தும்போது நிற்கும் அழுத்தம்), ஏ.பி.ஜி. (தமனி ரத்தத்தின் வாயுச் சோதனை), ரத்த அழுத்தம், அல்ட்ராசவுண்டில் உதரவிதானத்தின் வடிவமும் அசைவும். பிளாட்டோ எடுக்க நோயாளி இயந்திரத்தோடு மல்லுக்கட்டாமல் இருக்கவேண்டும். மூச்சை உள்ளே நிறுத்தும் பொத்தானை 1 முதல் 2 வினாடி அழுத்தி, கோடு சமமானபின் படிக்கவேண்டும். நோயாளி இழுக்கும்போதோ முக்கும்போதோ எடுத்த எண் குப்பைக்குத்தான்.

பிளாட்டோவிலிருந்து பீப்பைக் கழித்தால் டிரைவிங் பிரஷர். டைடல் வால்யூமை அதனால் வகுத்தால் கம்ப்ளையன்ஸ், அதாவது நுரையீரலும் நெஞ்சும் எவ்வளவு எளிதில் விரிகின்றன என்பதன் அளவு. எடுத்துக்காட்டுக்கு 165 செ.மீ. உயர ஆண்: உயரத்திலிருந்து 152.4 கழித்து, 0.91-ஆல் பெருக்கி, 50 கூட்டினால் கணிப்பு எடை 61.5 கிலோ (பெண்ணுக்கு 50-க்குப் பதில் 45.5). கிலோவுக்கு 6 வீதம் டைடல் வால்யூம் 370 மி.லி. பிளாட்டோ 27, பீப் 8 என்றால் டிரைவிங் பிரஷர் 19, கம்ப்ளையன்ஸ் 19.5. நீர் எடுத்தபின் பிளாட்டோ 24 ஆனால் டிரைவிங் பிரஷர் 16, கம்ப்ளையன்ஸ் 23. மூன்று செ.மீ. தண்ணீர் அழுத்தம் குறைந்தது சின்ன விஷயமாகத் தோன்றும்; ஐ.சி.யு.வில் அது பேசும் எண்.

கம்ப்ளையன்ஸ் எல்லோருக்கும் ஏறுவதில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். விரிந்திருந்த நெஞ்சுக்கூடு பழைய இடத்துக்குத் திரும்பும்போது மொத்த எண் அசையாமலே போகலாம். அப்போதும் நுரையீரலில் மிஞ்சும் காற்றளவு கூடியிருக்கும். அதை அளக்கும் வசதி பெரும்பாலான இயந்திரங்களில் இல்லை.

பிரஷர் சப்போர்ட்டில் இருப்பவருக்கு மூச்சு எண்ணிக்கையை லிட்டரிலான டைடல் வால்யூமால் வகுத்து எழுதுங்கள். நிமிடத்துக்கு 32 மூச்சு, 280 மி.லி. என்றால் 114. எடுத்தபின் 24 மூச்சு, 380 மி.லி. ஆனால் 63. உதரவிதானம் திரும்ப வேலைக்கு வந்ததன் சாட்சி இந்த எண்.

ஊசி குத்தும்போது பாதுகாப்புக்காக எஃப்ஐஓ2-வை 1.0-க்கு ஏற்றுவது வழக்கம். ஏற்றுங்கள், ஆனால் முடிந்ததும் பழைய அளவுக்கு இறக்கி, அரை மணி நேரம் விட்டுத்தான் அடுத்த ஏ.பி.ஜி. எடுக்கவேண்டும். ஏற்றிய நிலையிலேயே எடுத்துவிட்டு "ஆக்சிஜன் பிரமாதமாக ஏறிவிட்டது" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது தினமும் நடக்கும் தவறு.

அல்ட்ராசவுண்டில் பார்க்கவேண்டியது

படுத்திருப்பவரின் எக்ஸ்-ரேயை நம்பவேண்டாம். நீர் முதுகுப்புறம் பரவி, ஒரு பக்கம் லேசாக மங்கியதுபோல் மட்டும் தெரியும். சில நூறு மி.லி. சுலபமாகத் தப்பிவிடும். வயிற்றுக்குப் பயன்படுத்தும் வளைந்த ப்ரோப் போதும். முதலில் கல்லீரலையோ மண்ணீரலையோ கண்டுபிடியுங்கள், பிறகு உதரவிதானம், அதற்கு மேலே கருப்பு. காற்று நிறைந்த நுரையீரல் முதுகெலும்பை மறைக்கும். நீர் இருந்தால் உதரவிதானத்துக்கு மேலும் முதுகெலும்பு தெரியும். அமுங்கிய நுரையீரல் நுனி நீரில் ஜெல்லி மீன்போல ஆடும். நீருக்குள் துகள்கள் சுழன்றால் புரதம் மிகுந்த நீராகவோ ரத்தமாகவோ சீழாகவோ இருக்கலாம். வலைபோலத் தடுப்புகள் தெரிந்தால் ஒற்றை ஊசியில் காலியாகாது.

அளவுக்கு ஒரு சுலபமான சூத்திரம் உண்டு. தலைப்பக்கம் 15 டிகிரி உயர்த்தி, மல்லாந்த நிலையில், அக்குளின் பின்கோட்டில் ப்ரோப்பைக் குறுக்காக வைத்து, மூச்சு வெளியேறி முடிந்த கணத்தில் இரு சவ்வுகளுக்கும் இடையே உள்ள அதிகபட்ச இடைவெளியை மி.மீ.யில் அளந்து 20-ஆல் பெருக்கினால் மி.லி. கிடைக்கும். 42 மி.மீ. என்றால் 840 மி.லி. சுமார் 150 மி.லி. முன்பின் இருக்கும். இடைவெளி 5 செ.மீ. தாண்டினால் அரை லிட்டருக்கு மேல் உறுதியாக இருக்கிறது என்று கொள்ளலாம். 500 மி.லி.க்குக் குறைவாக இருக்கும் நீரை மூச்சுக்காக எடுப்பதில் பெரிய பலன் எதிர்பார்க்கவேண்டாம். சோதனைக்காக என்றால் வேறு கதை.

குத்துமிடத்தில் மூச்சு உள்ளே போகும்போதுகூட 15 மி.மீ. ஆழம் நீர் இருக்கவேண்டும், மேலும் கீழும் உள்ள விலா இடைவெளிகளிலும் நீர் தெரியவேண்டும். பத்து மூச்சாவது நிதானமாகப் பாருங்கள். வெண்டிலேட்டர் தள்ளும் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் கீழே இறங்கி எட்டிப்பார்க்கும், கல்லீரல் மேலே ஏறும். குத்துவதற்கு முன் நெஞ்சின் முன்புறம் நுரையீரல் வழுக்கும் அசைவு இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னாடியே இல்லாத அசைவைப் பின்னால் "காணோம்" என்று பதறாமலிருக்க அது உதவும்.

ஸ்கேன் அறையில் பேனாவால் குறிபோட்டு, ஐ.சி.யு.வுக்குக் கொண்டுவந்து வேறு விதமாகப் படுக்கவைத்துக் குத்துவது கூடாது. உடம்பு திரும்பினால் நீரும் திரும்பும். பார்த்த நிலையிலேயே, பார்த்தவுடனே குத்தவேண்டும்.

குழாய் போடுவது

கையெழுத்து வாங்கும்போதே வீட்டாரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: நீர் நுரையீரலுக்கு வெளியே இருக்கிறது, எடுத்தால் மூச்சு கொஞ்சம் லேசாகும் ஆனால் மிசின் உடனே போகாது, நூற்றில் மூன்று நான்கு பேருக்குக் காற்றுக் கசியலாம், அப்படியானால் இன்னொரு குழாய் தேவைப்படும். "பெரியவருங்களுக்கு நாங்க என்ன பண்ணப்போறோம்னா" என்று தொடங்கி மருத்துவச் சொல்லில் முடிப்பதைவிட இது மேல்.

ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதன் அளவு) 1.5-க்குக் கீழ், பிளேட்லெட் 50,000-க்கு மேல் என்பது வழக்கமான எல்லை. ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஓடிக்கொண்டிருக்கிறதா, க்ளோபிடோக்ரெல் கொடுக்கிறார்களா என்று மருந்துச் சீட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

வெறும் நீருக்கு 12 அல்லது 14 ஃப்ரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு) பிக்டெயில், அதாவது நுனி சுருண்ட மெல்லிய குழாய், போதும். கெட்டி ரத்தத்துக்குப் பெரிய ஐ.சி.டி. (நெஞ்சு வடிகால்) குழாய். தலைப்பக்கம் 30 டிகிரிக்கு உயர்த்தி, கையைத் தலைக்கு மேல் வைத்து, அந்தப் பக்கத்து இடுப்புக்கும் முதுகுக்கும் அடியில் சுருட்டிய போர்வையை வைத்தால் பக்கவாட்டு இடம் கிடைக்கும்; இந்த நிலையில் மறுபடி அல்ட்ராசவுண்டில் பார்த்தபின்தான் குத்தவேண்டும். முடிந்தவரை அக்குளுக்குக் கீழே உள்ள பாதுகாப்பு முக்கோணத்துக்குள் இருங்கள்: முன்னே மார்புத் தசை, பின்னே முதுகின் அகன்ற தசை, கீழே முலைக்காம்பு மட்டம். முதுகெலும்பிலிருந்து 6 செ.மீ.க்குள் போகவேண்டாம், அங்கே விலா ரத்தக்குழாய் எலும்பின் மறைவில்லாமல் ஓடும், வயதானவருக்கு வளைந்து நெளிந்தும் கிடக்கும்.

மரத்துப்போக வைக்க நம்மூரில் கிடைப்பது பெரும்பாலும் 2 சதவீத லிக்னோகெய்ன். கிலோவுக்கு 3 மி.கி. எல்லை, 50 கிலோ உடம்புக்கு 150 மி.கி., அதாவது 7.5 மி.லி. அதே அளவு சலைன் சேர்த்து 15 மி.லி. ஆக்கினால் தோல் முதல் சவ்வு வரை தாராளமாக மரத்துப்போகும். மயக்கத்தில் இருக்கிறாரே என்று இதை விட்டுவிடக்கூடாது. வலியில் இருமினால் ஊசி முனையில் நுரையீரல் வந்து இடிக்கும். வலி குறைக்கக் கொஞ்சம் ஃபென்டனில் கூட உதவும்.

கீழ் விலா எலும்பின் மேல்விளிம்பை உரசியபடி ஊசி போகவேண்டும், ஏனென்றால் நரம்பும் ரத்தக்குழாயும் ஒவ்வொரு விலாவின் அடியில் ஓடுகின்றன. இழுத்தபடியே மெல்ல உள்ளே போங்கள். நீர் வந்த ஆழத்தை மனதில் வையுங்கள், அல்லது ஊசியின் மேல் விரலால் பிடித்துக் குறியுங்கள். குழாய்க்கு வழிகாட்டும் கைடு வயர் ஊசி வழியே தடையில்லாமல் போகவேண்டும், முட்டினால் தள்ளாதீர்கள். வயரின் வெளிமுனையை ஒரு கை விடவே கூடாது. தோலில் சின்னக் கீறல், பிறகு வழியை அகலமாக்கும் டைலேட்டர். இங்கேதான் பெரிய காயங்கள் ஏற்படுகின்றன: டைலேட்டரை அதன் முழு நீளத்துக்கும் தள்ளினால் நுரையீரல், கல்லீரல், சில சமயம் இருதயம் வரை போகும். நீர் வந்த ஆழத்துக்கு மேல் 1 செ.மீ. போதும், அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். பக்கத் துளைகள் எல்லாம் உள்ளே போகும் வரை பிக்டெயிலை நுழைத்து, நூலை இழுத்துச் சுருட்டிப் பூட்டி, தையல் போட்டு, தோலில் எத்தனை செ.மீ. என்று எழுதுங்கள்.

இவ்வளவு நேரமும் வெண்டிலேட்டரைக் கழட்டவேண்டாம். குத்தும் கணத்தில் ட்யூபைப் பிரித்துவிட்டால் நுரையீரல் விலகி நிற்கும் என்று சிலர் செய்வதுண்டு. பீப் போய்விட்டால் திறந்திருந்த பகுதியும் சுருங்கிப்போகும். நாம் வாங்க வந்த சரக்கையே விற்றுவிட்ட கதை.

மாதிரி

எல்.டி.எச். (செல் சிதைவைக் காட்டும் நொதி), புரதம், ஏ.டி.ஏ.வுக்கு (காசநோயில் ஏறும் நொதி) ஒரு சோதனைக் குழாய், குளுக்கோசுக்கு ஃப்ளோரைடு குழாய், செல் எண்ணிக்கைக்கு ஈ.டி.டி.ஏ. குழாய். கல்ச்சருக்கு 5 முதல் 10 மி.லி.யை கட்டிலருகிலேயே ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் ஊற்றினால் கிருமி கிடைக்கும் வாய்ப்பு கூடும். பி.எச். பார்க்க ஹெப்பாரின் ஊசியில் காற்றில்லாமல் எடுத்து ஏ.பி.ஜி. இயந்திரத்தில் ஓட்டலாம். மரத்துப்போக வைத்த ஊசியையே பயன்படுத்தினால் லிக்னோகெய்ன் கலந்து பி.எச். பொய்யாக இறங்கும், காற்றுக் குமிழி இருந்தால் பொய்யாக ஏறும். கண்ணுக்குத் தெரியும் சீழை இயந்திரத்தில் விடவே விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும், பி.எச். தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை, அது குழாய்க்கேயான கேஸ்.

அதே நாள் ரத்தத்திலும் புரதம், எல்.டி.எச். அனுப்பவேண்டும். நீர்-ரத்தப் புரத விகிதம் 0.5-க்கு மேல், எல்.டி.எச். விகிதம் 0.6-க்கு மேல், அல்லது நீரின் எல்.டி.எச். ரத்தத்துக்கு இயல்பான உச்ச அளவின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்: இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸுடேட், அதாவது தொற்று, அழற்சி போன்றவற்றால் கசிந்த, புரதம் மிகுந்த நீர். பி.எச். 7.2-க்குக் கீழ் அல்லது குளுக்கோஸ் 60-க்குக் கீழ், கூடவே காய்ச்சல் என்றால் குழாய் உள்ளேயே இருக்கட்டும். ஏ.டி.ஏ. 40-க்கு மேல், லிம்போசைட் மிகுதி என்றால் காசநோயைத் துரத்துங்கள். ஆனால் சீழ் பிடித்த நீரிலும் ஏ.டி.ஏ. ஏறும், அதனால் அதை மட்டும் வைத்து மாத்திரை தொடங்கவேண்டாம்.

எவ்வளவு வேகம், எவ்வளவு அளவு

முதலில் 500 மி.லி., பிறகு த்ரீ-வேயை (குழாயில் உள்ள மும்முனைத் திருகு) மூடி அரை மணி நேரம் கவனியுங்கள். ஒரே தடவையில் 1.5 லிட்டருக்கு மேல் வேண்டாம். நாள்கணக்கில் அமுங்கிக் கிடந்த நுரையீரலைச் சட்டென்று இழுத்து விரித்தால் அதற்குள்ளேயே நீர் கசியும். அரிது, ஆனால் வந்தால் ஆபத்து. விழித்திருப்பவர் நெஞ்சு வலி, இருமல் என்று சொல்லி நம்மை நிறுத்துவார். வெண்டிலேட்டரில் இருப்பவருக்குப் பேச்சில்லை. அவருக்குப் பதிலாக இயந்திரம் பேசுவதைக் கேட்கவேண்டும்: திடீர் இருமலால் அடிக்கும் அலாரம், ட்யூபில் நுரைத்த திரவம், இதயத் துடிப்பு 20, 30 கூடுவது, ஏறிவந்த சாட்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம்) திரும்ப இறங்குவது. இதில் ஒன்று வந்தாலும் மூடுங்கள்.

மோடைப் பொறுத்து ஒரு கண்ணி இருக்கிறது. வால்யூம் கன்ட்ரோலில் நீர் போகப்போக அழுத்தம் இறங்கும், பரவாயில்லை. பிரஷர் கன்ட்ரோலில் அழுத்தம் அப்படியே நிற்க, டைடல் வால்யூம் ஏறும். பீப்புக்கு மேல் 18 வைத்து 360 மி.லி. போய்க்கொண்டிருந்தது, கம்ப்ளையன்ஸ் 23 ஆனதும் 415 ஆகிவிடும். யாரும் பார்க்காவிட்டால் ராத்திரி முழுக்க அந்த நுரையீரல் கூடுதலாக ஊதப்பட்டுக்கொண்டிருக்கும். அழுத்தத்தைக் குறைத்து, கிலோவுக்கு 6 மி.லி. அளவுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பீப்பை அன்றைக்கே குறைக்காதீர்கள். நீர் விலகியது கதவைத் திறந்ததோடு சரி. உள்ளே நுழைவது பீப்பும் சளி உறிஞ்சலும் பிசியோதெரபியும்தான். நன்றாக உறிஞ்சி, நீர் எடுத்த பக்கம் மேலே இருக்குமாறு இரண்டு மணி நேரம் படுக்கவைத்து, பிறகு 1, 3, 24 மணி நேரங்களில் முதல் தாளில் எழுதிய அதே எண்களை அதே எஃப்ஐஓ2-வில் எழுதுங்கள். பல நோயாளிகளில் ஏற்றம் முதல் மணியில் தெரியாது, சாயங்காலம்தான் தெரியும். 24 மணியிலும் அசைவே இல்லை என்றால், மூச்சுக்குக் காரணம் நீரல்ல. வேறு எங்கோ தேடவேண்டும். அந்த நோயாளிக்கு மறுபடி நீர் சேர்ந்தால் மூச்சுக்காக இன்னொருமுறை குத்தக்கூடாது என்பதற்கும் அந்தத் தாளே ஆதாரம்.

கெட்டுப்போகும் இடங்கள்

அழுத்த அலாரம் திடீரென அடித்து, சாட்சுரேஷனும் ரத்த அழுத்தமும் சேர்ந்து விழுந்தால் டென்ஷன் நியூமோதோரக்ஸ் (நெஞ்சுக்குள் கசிந்த காற்று அடைபட்டு நுரையீரலையும் இருதயத்தையும் அழுத்துவது) என்று எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-ரேவுக்குக் காத்திருக்கவேண்டாம். குழாய் ஏற்கெனவே இருந்தால் முதலில் அது மடங்கியிருக்கிறதா, த்ரீ-வே மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் பதில் அங்கே இருக்கும். இல்லையென்றால் நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளியில், அக்குள் முன்கோட்டருகே ஊசி, உடனே பெரிய குழாய்.

நீர் நடுவில் சிவந்தால் அதன் ஹீமடோக்ரிட் (சிவப்பணுக்களின் பங்கு) பாருங்கள். ரத்தத்தின் ஹீமடோக்ரிட்டில் பாதிக்கு மேல் இருந்தால் அது நீரல்ல, ரத்தக்கசிவு. அறுவைசிகிச்சை மருத்துவரைக் கூப்பிடும் நேரம்.

பிக்டெயிலை யூரோபேக்கில் (சிறுநீர் சேர்க்கும் பை) மாட்டுவது நம் பக்கம் சகஜம். விலை குறைவு, படுக்கையருகே தொங்கவிடச் சுலபம். தானாக மூச்சு விடுபவருக்கு ஓடிவிடும். வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆபத்து: காற்றுக் கசிந்தால் பை பலூன்போல உப்பி, பிறகு காற்று போக வழியிருக்காது. தண்ணீர்ப் பூட்டுள்ள பாட்டில்தான் வேண்டும், குழாய் நுனி தண்ணீருக்குள் 2 செ.மீ. பாட்டிலில் முதலில் ஊற்றிய தண்ணீர் எவ்வளவு என்று நாடா ஒட்டி எழுதாவிட்டால், ஷிஃப்ட் மாறியதும் அதையும் சேர்த்து "இன்னிக்கு 400" என்று எழுதிவிடுவார்கள்.

பாட்டிலில் நீர்மட்டம் மூச்சோடு ஆடவேண்டும். தானாக மூச்சு விடுபவருக்கு மூச்சு இழுக்கும்போது குழாய்க்குள் நீர் ஏறும். வெண்டிலேட்டர் காற்றைத் தள்ளும்போது இறங்கும். இந்தத் தலைகீழைப் பார்த்துப் புது நர்ஸ்கள் பயந்துபோவதுண்டு. ஆட்டம் நின்றால் அடைப்பு, மடிப்பு, அல்லது நுரையீரல் முழுசாக விரிந்துவிட்டது. 6 மணி நேரத்துக்கொருமுறை 10 மி.லி. கிருமியற்ற சலைன் விட்டுக் கழுவினால் சின்னக் குழாய் அடைக்காது. குமிழி வந்தால் மட்டும் ஒரு விதி, விலக்கே இல்லாதது: குமிழி விடும் குழாயைக் கவ்வி மூடக்கூடாது. வேகத்தைக் குறைக்க த்ரீ-வேயை மூடுவது குமிழி இல்லாத, வெறும் நீர் ஓடும் குழாய்க்கு மட்டும்.

தடுப்புகள் நிறைந்த சீழுக்குக் குழாய் மட்டும் போதாதபோது உறைவையும் தடுப்பையும் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் 10 மி.கி., சீழின் பிசுபிசுப்பைக் குறைக்கும் டி.என்.ஏஸ் 5 மி.கி. இரண்டும் நாளுக்கு இருமுறை மூன்று நாள் குழாய் வழியே விடும் முறை இருக்கிறது. செலவு அதிகம், ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. தொராசிக் அறுவைசிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவதா என்பதை அதற்கு முன்பே யோசித்துவிடுவது நல்லது.

அனுப்பும்போது

தாளவாடியிலிருந்து சத்திக்கு (சத்தியமங்கலம்) வரும் 108 வண்டி திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கவேண்டும். பாட்டில் ஒரு வளைவில் சாய்ந்தாலும் தண்ணீர்ப் பூட்டு போச்சு. பாட்டிலை ஸ்ட்ரெச்சரின் கீழ்த்தட்டில் நிமிர்த்திக் கட்டுங்கள், அல்லது ஒருவழி வால்வுள்ள பைக்கு மாற்றுங்கள். நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கினால் உள்ளிருந்து வந்ததெல்லாம் திரும்ப உள்ளே ஓடும். "வண்டியில ஏத்துறப்ப மட்டும்" என்று கவ்வியை மாட்டி, இறக்கும் வரை மறந்துவிடுவதுதான் அவிநாசி ரோட்டில் அதிகம் நடக்கும் ஆபத்து. குழாய் போட்ட நேரம், தோலில் எத்தனை செ.மீ., இதுவரை வந்த அளவு, குமிழி உண்டா இல்லையா: நான்கையும் பிளாஸ்டர் மேலேயே எழுதிவிட்டால் கடிதம் தொலைந்தாலும் தகவல் தொலையாது.

எடுக்கும் நாள்

24 மணி நேரத்தில் 150 முதல் 200 மி.லி.க்குக் குறைந்து, குமிழி இல்லாமல், அல்ட்ராசவுண்டில் மிச்சம் இல்லையென்றால் குழாயை எடுக்கலாம். வெண்டிலேட்டரில் இருக்கிறார் என்பதற்காகத் தள்ளிப்போடவேண்டாம். நாள் ஆக ஆகக் கிருமிதான் குடியேறும். பிக்டெயிலின் பூட்டு நூலை முதலில் விடுவியுங்கள். சுருளோடு இழுத்தால் சவ்வு கிழியும். மூச்சை வெளியே நிறுத்தும் பொத்தானை அழுத்தி, அந்த இரண்டு மூன்று வினாடியில் இழுத்து, வாசலின் காஸ் வைத்து இறுக்கி ஒட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முன்புறம் நுரையீரல் வழுக்குகிறதா என்று பார்த்து, பிளாட்டோவை இன்னொருமுறை எடுத்து அதே தாளில் கடைசி வரியாக எழுதுங்கள்.